தொப்பூர் இறக்கம் சொல்லும் பாடம்: உங்கள் காரின் பிரேக்கைப் பார்த்தீர்களா?

தர்மபுரியில் இருந்து சேலத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது தொப்பூர் கணவாய். இரண்டு பக்கமும் மலை. நடுவே வளைந்து வளைந்து இறங்கும் சாலை. பார்ப்பதற்கு அழகான இடம். ஆனால், அந்தப் பெயரைக் கேட்டாலே லாரி டிரைவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்!

ஏன் தெரியுமா?

பெங்களூர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. வடக்கே இருந்து வருகிற வண்டி வழி நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிறது. தொப்பூருக்கு வந்ததும் இறக்கம் அதிகமாகிவிடுகிறது. வளைவுகளும் சேர்ந்துகொள்கின்றன. பாரம் ஏற்றிய வண்டி அங்கே பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆகும்?

2020-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி அது நடந்தது. இறக்கத்தில் வந்த ஒரு லாரி, சாலையில் தேங்கி நின்ற வாகனங்கள் மீது மோதியது. வரிசையாகக் கார்கள் நொறுங்கின. 4 பேர் உயிர் இழந்தார்கள்.

2024-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி மறுபடியும் ஒரு கோர விபத்து. லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதிக்கொண்டன. அப்போதும் 4 உயிர்கள் போயின.

"அதெல்லாம் லாரிக்காரர்கள் சமாசாரம். நம் காருக்கு என்ன?" என்று கேட்பீர்கள்.

உங்கள் காருக்கும் அதே சாலைதான். அதே இறக்கம்தான். பழைய காராக இருந்தால், கவலையும் கொஞ்சம் கூடுதல்தான்.

கருகல் வாடை

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி. வீட்டில் 20 வருஷத்துக் கார் ஒன்று இருக்கிறது. சேலத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். விடியற்காலையில் தர்மபுரியில் இருந்து புறப்படுகிறார்கள். பின்னால் பெட்டிகள், சீர்த் தட்டுகள், ஒரு மூட்டை மாங்காய்.

தொப்பூர் இறக்கம் வருகிறது. "இறக்கம்தானே, பெட்ரோலாவது மிச்சம் ஆகட்டும்" என்று அப்பா கியரை நியூட்ரலில் தள்ளுகிறார். வண்டி வேகம் பிடிக்கிறது. அவர் பிரேக்கை அழுத்துகிறார். விடுகிறார். மறுபடியும் அழுத்துகிறார்.

"ஏப்பா, ஏதோ கருகுற வாடை வருதே?" என்கிறாள் பாட்டி.

"அது லாரிப் புகைம்மா."

அது லாரிப் புகை இல்லை! அவர்களுடைய கார் பிரேக்கின் வாடைதான் அது. அடுத்த வளைவில் அப்பா பெடலை மிதிக்கிறார். வழக்கமாக நிற்கிற வண்டி இப்போது நிற்க மறுக்கிறது. முழுப் பலத்தோடு மிதித்த பிறகுதான் வேகம் குறைகிறது. அப்பாவின் நெற்றி எல்லாம் வேர்வை.

அந்தக் குடும்பம் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால், எல்லாரும் அப்படித் தப்புவது இல்லையே! அங்கே நடந்தது என்ன? அதைத் தெரிந்துகொண்டால் பிரேக்கின் ரகசியமே தெரிந்துவிடும்.

கொதிக்கும் தண்ணீர்க் கணக்கு

பிரேக் என்ன வேலை செய்கிறது? "வண்டியை நிறுத்துகிறது" என்று சொல்வோம். உண்மையில் அது செய்யும் வேலை, ஓட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான். குளிர் காலத்தில் இரண்டு கைகளையும் தேய்த்தால் சூடு வருகிறது அல்லவா? அதே கதைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடும் சாமானோடும் சேர்த்து ஒரு கார் 1,200 கிலோ எடை என்று வையுங்கள். அந்தக் கார் 100 மீட்டர் உயரத்தில் இருந்து கீழே இறங்குகிறது. முழுக்க முழுக்கப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிரேக்கில் பிறக்கும் சூடு எவ்வளவு? 4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு!

40 டன் எடையுள்ள லாரிக்கு அதே இறக்கத்தில் 130 லிட்டருக்கும் மேல் தண்ணீர் கொதிக்கும்!

இவ்வளவு சூட்டையும் தாங்குவது எது? உள்ளங்கை அளவுள்ள சில துண்டுகள்தான். அவற்றுக்குப் பிரேக் பேடு என்று பெயர். ஓர் அளவு வரை அவை சூட்டைத் தாங்கும். அதற்கு மேல் போனால் பிடிப்பு விட்டுப் போகும். பாட்டிக்கு வந்த கருகல் வாடை அந்த எல்லை நெருங்கிவிட்டதற்கான எச்சரிக்கை.

பழைய பூட்ஸில் பிறந்த யோசனை

பிரேக்குக்கு ஒரு சுவையான கதை உண்டு. இங்கிலாந்தில் டார்பிஷயர் என்ற மலைப் பிரதேசத்தில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் இருந்தார். அங்கே வண்டிக்காரர்கள் மலைச் சரிவில் இறங்கும்போது சக்கரத்தில் மரக்கட்டையை அழுத்தி வேகத்தைக் குறைப்பார்கள். கட்டை வழுக்காமல் இருக்கப் பழைய பூட்ஸ் தோலை அதில் வைத்து ஆணி அடிப்பார்கள்.

இதைப் பார்த்த ஃபுரூட் யோசித்தார். "தோலை விட நன்றாகப் பிடிக்கும் பொருளை நாமே செய்தால் என்ன?" 1897-ம் ஆண்டு அவர் தொடங்கிய தொழில்தான் பிற்காலத்தில் ஃபெரோடோ என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. தம் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார்!

நம் தமிழ்நாடும் இந்தத் தொழிலில் பின்தங்கவில்லை. 1962-ல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. 1964-ல் ரானே பிரேக் லைனிங் வந்தது. 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தது. இந்தியச் சாலைகளில் ஓடும் எத்தனையோ வண்டிகளை நிறுத்துவது தமிழ்நாட்டுச் சரக்குதான்.

டிரம்மா, டிஸ்க்கா?

பிரேக்கில் இரண்டு வகை உண்டு.

ஒன்று டிரம் பிரேக். சக்கரத்தோடு ஒரு பானை போன்ற இரும்பு டிரம் சுற்றும். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கும். பெடலை மிதித்தால் ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்புறத்தை அழுத்தும். பழைய அம்பாஸடரில் நான்கு சக்கரத்துக்கும் இதுதான்.

மற்றொன்று டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு ஓர் இரும்புத் தட்டு சுற்றும். அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேடுகள் இருக்கும். பெடலை மிதித்தால் அவை தட்டை நெருக்கிப் பிடிக்கும். சைக்கிள் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிப்பது போலத்தான். இந்தப் பேடுகளை அழுத்தும் இரும்புக் கவ்விக்குக் காலிப்பர் என்று பெயர்.

டிஸ்க் காற்று படும்படி வெளியே இருப்பதால் சீக்கிரம் ஆறும். டிரம் மூடிய பானை. சூடு உள்ளேயே தங்கும். 1953-ல் பிரான்ஸ் நாட்டில் நடந்த லெமான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றது. அதன் பிறகு உலகம் முழுவதும் டிஸ்க் பிரேக் பரவியது.

நம் ஊரில் ஓடும் பழைய குடும்பக் கார்கள் பலவற்றில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க், பின் சக்கரங்களுக்கு டிரம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாயும். ஆகவே முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். முன் பேடுகள்தான் சீக்கிரம் தேயும்.

பிரேக் பேசும், காது கொடுங்கள்!

பிரேக் திடீரென்று கெடுவது அபூர்வம். பல நாள் முன்பே சொல்லிவிடும். நாம்தான் கேட்பது இல்லை.

கீச்சென்று சத்தம் வருகிறதா? பேடு தேய்ந்திருக்கலாம். சில பேடுகளில் சிறு தகடு ஒன்று வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடும்.

கர கர என்று அரைக்கிறதா? பேடு முழுவதும் தீர்ந்து, இரும்பும் இரும்பும் உரசுகின்றன. அதற்கு மேல் ஓட்டினால் டிஸ்க்கும் வீணாகும். சில நூறு ரூபாயைத் தள்ளிப்போட்டு, சில ஆயிரம் ரூபாயைச் செலவழிக்க வேண்டி வரும்.

பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? ஒரு சக்கரம் பிடிக்கிறது, மற்றது பிடிக்கவில்லை. காலிப்பர் சிக்கியிருக்கலாம்; எண்ணெய் கசிந்து பேடு நனைந்திருக்கலாம்.

பெடல் பஞ்சு போல அமுங்குகிறதா? பிரேக் ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கலாம்.

பெடலை அழுத்தியபடி இருந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? எங்கோ ஆயில் கசிகிறது. அந்த வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குக் கூடப் போகாதீர்கள்!

வீட்டிலேயே பார்க்கலாம்

மாதம் ஒரு முறை 10 நிமிடம் ஒதுக்கினால் போதும்.

பானட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பா தெரியும். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆயில் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பேடு தேயத் தேய ஆயில் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது இயற்கை. மளமளவென்று இறங்கினால் கசிவு என்று அர்த்தம்.

சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பேடைப் பாருங்கள். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, தேயும் பாகத்தை மட்டும் அளக்க வேண்டும். அது 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

உள் பேடும் வெளிப் பேடும் ஒரே மாதிரி தேயும் என்று நம்ப வேண்டாம். வெளிப் பேடு நன்றாக இருக்கும். உள் பேடு தீர்ந்திருக்கும். ஆகவே சக்கரத்தைக் கழற்றும்போது எல்லாம் இரண்டையும் பார்க்க வேண்டும்.

பேடு மாற்றுவது எப்படி?

இந்த வேலையை மெக்கானிக் செய்வதுதான் நல்லது. ஆனால், அவர் என்ன செய்கிறார் என்று வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அருகில் நின்று பாருங்கள்.

1. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். தரையில் இருக்கப் போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வைக்க வேண்டும்.

2. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, வண்டிக்கு அடியில் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. ஜாக்கி சரிந்து உயிர் போனவர்கள் உண்டு.

3. சக்கரத்தைக் கழற்றிய பிறகு காலிப்பர் போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரைத் தூக்க வேண்டும். அதை ரப்பர் குழாயில் தொங்க விடக் கூடாது. கம்பியால் கட்டி வைக்க வேண்டும். குழாயில் விரிசல் விட்டால் பிரேக்கே போய்விடும்.

4. பழைய பேடுகளை எடுத்துவிட்டு டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஆழமான கோடுகளோ வெடிப்போ இருக்கிறதா? டிஸ்க்குக்கும் குறைந்தபட்சக் கனம் உண்டு. அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டும்.

5. புதுப் பேடு கனமாக இருக்கும். அதற்கு இடம் வேண்டும். ஆகவே காலிப்பரில் உள்ள பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். அப்போது டப்பாவில் ஆயில் மட்டம் ஏறும். வழிந்துவிடாமல் கவனிக்க வேண்டும். பிரேக் ஆயில் பட்டால் வண்டியின் பெயிண்ட் உரிந்துவிடும்.

6. காலிப்பர் நகரும் பின்களைச் சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள கிரீஸ் போட வேண்டும். பேடின் தேயும் முகத்திலோ டிஸ்க்கிலோ கிரீஸ் படவே கூடாது.

7. ஒரு பக்கம் மட்டும் பேடு மாற்றக் கூடாது. முன் சக்கரம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

இன்னும் ஒரு விஷயம். பிரேக்கில் படிந்த தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய கால லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்திருப்பார்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் பகை. ஈரத் துணியால் துடைப்பதே சரி. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மறக்கக் கூடாத ஒரு மிதி

எல்லாம் முடிந்தது. சக்கரம் மாட்டியாயிற்று. உடனே வண்டியை எடுக்கலாமா?

கூடாது! கூடவே கூடாது!

பிஸ்டனை உள்ளே தள்ளியது நினைவு இருக்கிறதா? இப்போது பேடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். முதல் மிதியில் பெடல் தரை வரை போய்விடும், வண்டி நிற்காது. ஆகவே வண்டியை நகர்த்தும் முன்பு பெடலைப் பல முறை மெதுவாக மிதிக்க வேண்டும். கால் கெட்டியாக உணரும் வரை மிதிக்க வேண்டும். பிறகு ஆயில் மட்டத்தையும் பார்க்க வேண்டும்.

இந்த ஒரு மிதியை மறந்து, பட்டறைச் சுவரிலேயே வண்டியை மோதியவர்கள் உண்டு.

புதுப் பேடு முதல் நாளே முழுப் பிடிப்புத் தராது. கூட்டம் இல்லாத சாலையில் மிதமான வேகத்தில் போய், பல முறை மெதுவாகப் பிரேக் பிடித்துப் பழக்க வேண்டும். நடுவில் ஆற விட வேண்டும். புதுப் பேடு போட்ட அன்றே தொப்பூர் இறக்கத்துக்குப் போகாதீர்கள்.

பிரேக் ஆயிலுக்கும் வயது உண்டு

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். 'டாட் 3' வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம்! மலை இறக்கத்தில் அந்தச் சூடு எளிதில் வரும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். பெடல் பஞ்சாகிவிடும்.

ஆகவே 2 ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றிக் காற்றையும் எடுத்துவிடுங்கள். எந்த வகை ஆயில் என்று டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். என்ஜின் ஆயிலை அதில் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப் பாழாகும்.

இறங்கும் முறை

நல்ல பிரேக் இருந்தால் மட்டும் போதாது. இறங்கத் தெரிய வேண்டும். தொப்பூர் மட்டும் அல்ல. பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் சாலையும் அப்படித்தான். ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

டிரைவர்கள் சொல்லும் விதி ஒன்று உண்டு. எந்தக் கியரில் ஏறுவாயோ, அந்தக் கியரில் இறங்கு! சின்னக் கியரில் போட்டால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

நியூட்ரலில் இறங்குவது தற்கொலைக்குச் சமம். என்ஜினை நிறுத்திவிட்டு இறங்குவது அதை விட மோசம். என்ஜின் நின்றால், பிரேக்குக்குத் துணை செய்யும் சக்தியும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். மிச்சமாகும் பெட்ரோல் ஒரு டம்ளர் கூட இருக்காது. அதற்கு ஈடாக வைப்பது ஐந்து உயிர்கள்!

பிரேக் மேலேயே கால் வைத்தபடி இறங்காதீர்கள். வேகம் கூடும்போது அழுத்துங்கள், குறைந்ததும் விடுங்கள். வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு ஆகும். கருகல் வாடை வந்தால், பாதுகாப்பான இடத்தில் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். சூட்டோடு டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விடும்.

அப்படியும் பிரேக் பிடிக்கவில்லையா? பதற வேண்டாம். பெடலை வேக வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் மெதுவாக இழுங்கள். ஹாரன் அடித்து, விளக்குப் போட்டு மற்றவர்களை எச்சரியுங்கள். சாவியை மட்டும் பிடுங்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

பாட்டி சொன்னது சரி

சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்தால் அதன் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது அதிகாரிகள் பிரேக்கையும் பார்ப்பார்கள். அடுத்த பரிசோதனை 5 ஆண்டு கழித்துத்தான். நடுவில் இருக்கும் 5 ஆண்டுக்கும் அதிகாரி நீங்கள்தான்!

காருக்கு மெருகு போடுகிறோம். புது சீட் கவர் தைக்கிறோம். கண்ணாடியில் சாமி படம் ஒட்டுகிறோம். எல்லாம் சரிதான். ஆனால், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்கும்போது நம்மைக் காப்பது, கண்ணுக்குத் தெரியாமல் சக்கரத்துக்குள் இருக்கும் அந்தச் சிறு துண்டுதான்.

அடுத்த முறை பின் சீட்டில் இருந்து பாட்டி, "ஏதோ கருகுற வாடை வருதே" என்றால், லாரி மேல் பழி போடாதீர்கள். வண்டியை ஓரம் கட்டுங்கள். கல்யாணத்துக்கு அரை மணி தாமதமாகப் போனாலும் பந்தியில் இடம் கிடைக்கும்.